ட்ரோஃபியே: லிகுரியாவின் முறுக்குப் பாஸ்தாவைக் கையால் உருட்டிப் பெஸ்டோவுடன் சமைக்கும் முறை

இத்தாலியின் வடமேற்குக் கரையில் உள்ள லிகுரியா மாநிலத்தில், ஜெனோவா நகரத்துக்குக் கிழக்கே, மலையும் கடலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குறுகிய நிலப்பகுதிக்குக் கோல்ஃபோ பாரதீசோ என்று பெயர். ரெக்கோ, சோரி, கமோலி முதலிய சிற்றூர்கள் அந்தக் கரையோரமாக அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ட்ரோஃபியே இந்த ஊர்களின் வீட்டுச் சமையலறைகளில் உருவானது. ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமும், கூர்மையான இரு முனைகளும், சற்றே தடித்த நடுப்பகுதியும், உடல் நெடுகத் திருகுபோல ஓடும் பள்ளமும் கொண்ட சிறிய பாஸ்தா இது. முட்டை சேர்ப்பதில்லை, மாவும் நீரும் சிறிது உப்பும் போதும்.

ஜெனோவாவுக்குப் பாஸ்தா புதிதல்ல. 1279ஆம் ஆண்டில் அந்நகரில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலில், இறந்துபோன போர்வீரர் ஒருவரின் உடைமைகளுள் ‘மக்கரோனி நிறைந்த ஒரு பெட்டி’யும் குறிக்கப்பட்டிருக்கிறது. துறைமுக நகரம் என்பதால் வெளியூர்க் கோதுமை கப்பலில் வந்து இறங்கியது. பாஸ்தா செய்வோருக்கென்று தனிச் சங்கமும் அங்கே இருந்தது. ஆனாலும் ட்ரோஃபியே நெடுங்காலம் அந்தச் சில ஊர்களை விட்டு வெளியே செல்லவில்லை. ஒவ்வொரு துண்டையும் கையால் உருட்ட வேண்டியிருந்ததும், அதற்குக் கைப்பழக்கம் தேவைப்பட்டதும் காரணமாக இருந்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் திருகை உண்டாக்கும் இயந்திரங்கள் வந்த பிறகே, உலர்ந்த ட்ரோஃபியே பொட்டலங்களில் அடைபட்டு உலகெங்கும் பரவியது.

இந்த உணவில் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உருட்டும்போது பலகையில் மாவு தூவிவிடுகிறார்கள். கலக்கும்போது, பேசில் என்னும் மணமூலிகையின் இலையை இடித்துச் செய்யும் பச்சைத் துவையலான பெஸ்டோவை அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். இவ்விரண்டையும் தவிர்க்கத் தெரிந்தவருக்கு மற்றவை எளியவை. எனவே இந்த வழிகாட்டி அவ்விரு இடங்களில் நின்று நிதானித்துப் பேசும். பிறவற்றை விரைவாகக் கடந்து செல்லும்.

தேவையான பொருள்கள் (4 முதல் 5 பேருக்கு)

ட்ரோஃபியேவுக்கு: மைதா 400 கிராம், வெதுவெதுப்பான நீர் சுமார் 200 மில்லிலிட்டர், உப்பு ஒரு சிட்டிகை.

பெஸ்டோவுக்கு: பேசில் இலை 60 கிராம், பைன் கொட்டை 30 கிராம், துருவிய பார்மிஜானோ ரெஜ்ஜானோ 50 கிராம், துருவிய பெக்கொரினோ 25 கிராம் (இவ்விரண்டும் கடின பாலாடைக்கட்டிகள்), பூண்டு 1 பல், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 70 மில்லிலிட்டர், கல்லுப்பு சில பரல்கள்.

உடன் வேகவைக்க: உருளைக்கிழங்கு 200 கிராம், இளம் பீன்ஸ் 150 கிராம்.

மாவைப் பற்றி ஒரு விளக்கம். கடைகளில் கிடைக்கும் உலர்ந்த ட்ரோஃபியே டியூரம் எனப்படும் கடினக் கோதுமையின் ரவையால் செய்யப்படுவது. ஆனால் லிகுரியாவின் வீடுகளில் மென்கோதுமையை மிக நுண்ணியதாக அரைத்த வெண்மாவையே பெரும்பாலும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆகவே நம் கடைகளில் உள்ள மைதா இதற்கு முறையான பொருளே; மனம் குன்ற வேண்டியதில்லை. கடிக்கும்போது இன்னும் சற்று அழுத்தம் வேண்டும் என்று நினைப்பவர்கள், 100 கிராம் மைதாவுக்குப் பதிலாக நுண்ணிய சிரோட்டி ரவையைச் சேர்த்துக்கொள்ளலாம். உப்புமாவுக்கு வாங்கும் ரவை பருமனானது. அது மாவோடு இழையாமல் உருட்டும்போது பிளவுகளை உண்டாக்கும். சப்பாத்தி மாவில் உள்ள தவிடும் இதையே செய்யும். கடற்கரையை அடுத்த மலைக்கிராமங்களில் கஷ்கொட்டை மாவைக் கலந்து செய்யும் பழுப்பு நிற ட்ரோஃபியேவும் உண்டு. கோதுமை எளிதில் கிடைக்காத மலைப்பகுதிகளில் கஷ்கொட்டை அன்றாட உணவாக இருந்ததன் அடையாளம் அது. இலேசான இனிப்புள்ள அந்த வகை பெஸ்டோவின் காரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மாவு பிசைதல்

அகலமான பாத்திரத்தில் மாவையும் உப்பையும் இட்டு, நீரில் முக்கால் பங்கை முதலில் ஊற்றி விரல்களால் கலந்துகொள்ளுங்கள். மிஞ்சிய நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உலர்மாவு எல்லாம் ஒன்றாகத் திரண்டவுடன் நிறுத்திவிடுங்கள். மாவின் ஈரப்பதம் பைக்குப் பை மாறுவதால், 200 மில்லிலிட்டர் முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக, பூரிக்குப் பிசையும் பதத்தில் இருப்பது சரியான அளவு. இதற்கு மேல் இளகினால் துண்டுகள் பலகையில் அப்பிக்கொள்ளும். இறுகினால் உருளாமல் வழுக்கும்.

பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். தொடக்கத்தில் சொரசொரப்பாகவும் பிடிவாதமாகவும் இருக்கும் மாவு, மெல்ல மெல்ல வழவழப்பாகி, விரலால் அழுத்திய பள்ளம் மீண்டு எழும் நிலைக்கு வரும். பிறகு ஈரத்துணியால் மூடி 30 நிமிடம் விட்டுவிடுங்கள். ரவை கலந்திருந்தால் ஒரு மணி நேரம் வேண்டும். இந்த ஓய்வைக் குறைக்கக் கூடாது. பிசையும்போது கோதுமைப் புரதம் இழுவையுள்ள ஒரு வலைப்பின்னலாக இறுகுகிறது. அந்த இறுக்கம் தளராத மாவை எவ்வளவு முறுக்கினாலும் அது பழைய வடிவத்துக்கே சுருண்டுவிடும்.

உருட்டுதல்

பலகை மரத்தாலானதாக இருக்க வேண்டும். மெருகேற்றப்படாத, சற்றே சொரசொரப்பான மரம் மிக நல்லது. கிரானைட் மேடையும் எஃகுத் தட்டும் இதற்கு உதவா. அதைவிட முக்கியமாக, பலகை உலர்ந்தும் மாவுப்பொடி இல்லாமலும் இருக்க வேண்டும். சப்பாத்தி தேய்த்துப் பழகிய கை இங்கே தன்னையறியாமல் மாவு தூவப் போகும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். ட்ரோஃபியேவின் திருகை உண்டாக்குவது உராய்வு மட்டுமே. துண்டின் அடிப்பகுதியை மரம் பற்றிக்கொள்ள, மேற்பகுதியைக் கை இழுத்துச் செல்ல, இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட மாவு தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. இடையில் மாவுப்பொடி புகுந்தால் அடிப்பகுதியின் பிடி போய்விடும். துண்டு சறுக்கும், முறுகாது. கைமுறுக்குச் சுற்றுவோர் மாவை விரல்நுனிகளால் முறுக்கிக்கொண்டே வளைத்துச் செல்வார்கள். இங்கே விரல்களுக்கு வேலையில்லை, பலகையும் உள்ளங்கை ஓரமும்தான் முறுக்குகின்றன.

மாவிலிருந்து எலுமிச்சை அளவு எடுத்துக்கொண்டு, மற்றதை மூடி வையுங்கள். எடுத்ததை விரல் பருமனுக்கும் குறைவான கயிறாக உருட்டி, ஊறிய கொண்டைக்கடலை அளவுள்ள துண்டுகளாகக் கிள்ளி வையுங்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 1 கிராம் இருக்கலாம். அதைவிடப் பெரிதானால் நடுப்பகுதி வேகாமல் நிற்கும்.

இனி உருட்டும் அசைவு. இது இரண்டு பாதிகள் கொண்டது. தொடக்கத்தில் தனித்தனியாகப் பழகி, பிறகு ஒன்றாக இணைப்பது எளிது.

முதல் பாதியில், துண்டைப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் இலேசாக அழுத்தி, கையை உங்களை விட்டு முன்னோக்கித் தள்ளுங்கள். துண்டு கைக்கடியில் உருண்டு, இரு முனையும் மெலிந்த ஒரு சிறு குச்சியாக நீளும். முனைகள் மெலிய வேண்டும் என்பதால், குச்சி நீளத் தொடங்கியதும் அழுத்தத்தைச் சிறிது கூட்டுங்கள்.

இரண்டாம் பாதியில், கையைச் சற்றே திருப்பி, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை ஓரம் குச்சியின் மீது படியுமாறு வைத்துக்கொண்டு, உங்கள் பக்கமாகச் சாய்வாக இழுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்புறம் நோக்கிச் சாய்வாக இழுப்பது வசதியாக இருக்கும். நேராகப் பின்னுக்கு இழுத்தால் குச்சி மறுபடி உருளும், அவ்வளவுதான். சாய்வாக இழுக்கும்போதுதான் ஒரு முனை முந்தியும் மறுமுனை பிந்தியும் நகர்ந்து திருகு விழும். கை பலகையைவிட்டு எழும்போது ட்ரோஃபியே ஓரமாகத் தெறித்து விழ வேண்டும்.

அழுத்தத்தின் அளவைச் சொல்லால் உணர்த்துவது கடினம். துண்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வதே வழி. பள்ளமே விழவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை அல்லது மாவு உலர்ந்துவிட்டது. கையை ஈரத்துணியில் ஒருமுறை தொட்டு எடுத்து மீண்டும் முயலலாம். தட்டையாக நசுங்கினால் அழுத்தம் மிகுதி. பலகையில் ஒட்டிக் கிழிந்தால் மாவு இளகல். அப்போதும் பலகையில் மாவு தூவாமல், உள்ளங்கையில் மட்டும் சிறிது பூசிக்கொள்ளுங்கள். முதலில் உருட்டும் சில கைப்பிடிகள் கோணல்மாணலாகத்தான் வரும். அவற்றையும் தூக்கி எறிய வேண்டாம். வெந்து பெஸ்டோ பூசிய பிறகு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மெல்லிய கம்பியில் மாவைச் சுற்றி உருவி எடுத்தால் எளிதாகத் திருகு கிடைக்குமே என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. கிடைக்கும், ஆனால் அது வேறு பாஸ்தா. சிசிலித் தீவின் திராப்பானி நகரத்தவர் அம்முறையில் புசியாத்தே என்னும் நீண்ட சுருளைச் செய்து, பாதாமும் தக்காளியும் பூண்டும் பேசிலும் சேர்த்து இடித்த தங்கள் சொந்தப் பெஸ்டோவுடன் உண்கிறார்கள். அதுவும் அருமையான உணவுதான் என்றாலும், உள்ளே குழல்போல வெற்றிடம் கொண்ட அந்தச் சுருளின் கடிபதமும் உள்ளே திண்மையான ட்ரோஃபியேவின் கடிபதமும் ஒன்றாகா.

மேற்சொன்ன அளவு மாவில் சுமார் 600 துண்டுகள் வரும். தனியாளாக உருட்டினால் பொழுது போய்விடும். இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டே செய்ய ஏற்ற வேலை. உருட்டியவற்றை ரவை தூவிய துணியின் மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். மேற்புறம் சற்று உலர்ந்தால்தான் கொதிநீரில் திருகு கலையாது. மழைக்காலமானால் மின்விசிறியின் கீழ் வைக்கலாம்.

பெஸ்டோ இடித்தல்

ஜெனோவாவின் பெஸ்டோவுக்கு எழுத்தில் கிடைக்கும் தொடக்ககாலச் சமையற்குறிப்புகளுள் ஒன்று 1863இல் அந்நகரில் வெளியான ஒரு சமையல் நூலில் உள்ளது. அங்கே 2007 முதல், பளிங்கு உரலிலும் மரக் குழவியிலும் பெஸ்டோ இடிக்கும் உலகப் போட்டியும் நடத்தப்படுகிறது. அதில் பயன்படும் பேசில், ஜெனோவாவின் பிரா பகுதியில் பேர்பெற்ற வகை. 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. இளஞ்செடியாக இருக்கும்போதே பறிக்கப்படும் அதன் சிறிய இலைகளில் புதினாவின் வாடை இருக்காது. அதுவே அதன் பெருமை.

நமக்கு அது கிடைக்காது. பெரிய கடைகளில் கிடைக்கும் இத்தாலிய பேசிலே போதுமானது. வீட்டுத் தொட்டியில் வளர்த்தால் இன்னும் நல்லது. நம் வெயிலில் இச்செடி விரைவில் பூத்துவிடும். பூத்தபின் இலை முரடாகி நெடி ஏறும். ஆகவே பூக்கும் முன்பே நுனியில் உள்ள இளம் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் தாவரவியலின்படி பேசிலின் இனமே. சப்ஜா விதை அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதன் மணம் வேறு வகையானது, கூடுதல் காட்டமானது. வேறு வழியில்லாதபோது அதன் கொழுந்தை மட்டும் குறைந்த அளவில் பயன்படுத்தலாம். துளசி வேறு இனம், பெஸ்டோவுக்கு ஒத்துவராது.

பாலாடைக்கட்டியைப் பற்றிச் சைவ உணவினர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதியைக் கொண்டே உறையச் செய்ய வேண்டும் என்பது அதன் உற்பத்தி விதி. சார்டினியத் தீவின் பெக்கொரினோவிலும் வகைக்கேற்பக் கன்றின் நொதியோ ஆட்டுக்குட்டியின் நொதியோ சேர்கிறது. அதைத் தவிர்ப்பவர்கள், பொட்டலத்தின் மேல் சைவக் குறியீடு உள்ள பழுத்த கடின பாலாடைக்கட்டியை வாங்கிக்கொள்ளலாம். பைன் கொட்டை விலை மிகுந்தது. அதற்குப் பதிலாக வறுக்காத முந்திரி ஓரளவு ஈடாகும். ஆலிவ் எண்ணெயில் மென்சுவை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தொண்டையைக் கரகரக்கச் செய்யும் எண்ணெய் பேசிலை அமுக்கிவிடும்.

இலைகளைக் குளிர்ந்த நீரில் அலசி, துணியில் ஒற்றிக் கசங்காமல் உலர்த்துங்கள். உரலில் முதலில் பூண்டையும் பைன் கொட்டையையும் பசைபோல இடியுங்கள். கல்லுப்பையும் இலைகளையும் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து, குழவியை ஓங்கிக் குத்தாமல், உரலின் சுவரோடு சுழற்றித் தேய்த்து நசுக்குங்கள். கல்லுப்பு அரத்தைப்போல இலையைக் கிழிக்கும். பளிச்சென்ற பச்சைச் சாறு கசிந்ததும் இரு பாலாடைக்கட்டிகளையும் கலந்து, இறுதியில் எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றி இழையுங்கள். இதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். கசங்கிய இலை காற்றுப்பட்டால் கத்திரிக்காயை நறுக்கி வைத்தால் கருப்பதற்குக் காரணமான அதே நொதி வினையால் கருக்கும்.

மிக்சியில் அரைப்பவர்கள் சிறிய ஜாரையும் எண்ணெயையும் முன்னதாகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்து, எண்ணெயைத் தொடக்கத்திலேயே சேர்த்து, ஒரே மூச்சாக ஓட்டாமல் விட்டு விட்டு அரைக்க வேண்டும். சுழலும் கத்தியின் சூடு இலையை அங்கேயே வேகவைத்துவிடும்.

ரெக்கோ பக்கத்தில் பெஸ்டோவில் பிரெஷின்சேவா என்னும் புளிப்பான இளம் தயிர்க்கட்டியையும் ஒரு கரண்டி சேர்ப்பது உண்டு. துணியில் கட்டி நீர் வடித்த நம் தயிர் அதற்கு மிக நெருக்கமானது. காரமான பூண்டு வாய்த்துவிட்ட நாளில் இது பெரிதும் கைகொடுக்கும்.

ஒரே பாத்திரத்தில் வேகவைத்தல்

உருளைக்கிழங்கும் பீன்ஸும் பாஸ்தாவும் ஒரே நீரில் வேகுவதுதான் லிகுரிய முறை. கிழங்கின் மாவுச்சத்து நீரில் கரைந்து, பின்னால் பெஸ்டோவைப் பாஸ்தாவோடு பிணைக்கிறது. தனித்தனியாக வேகவைத்துச் சேர்த்தால் அந்தப் பிணைப்பு வராது.

பெரிய பாத்திரத்தில் 4 லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, 30 முதல் 35 கிராம் உப்பைச் சேருங்கள். பாலாடைக்கட்டியிலும் உப்பு இருப்பதால் வழக்கமான அளவைச் சற்றே குறைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக நறுக்கி முதலில் இடுங்கள். 4 நிமிடம் கழித்து, பீன்ஸை 3 சென்டிமீட்டர் துண்டுகளாகச் சேருங்கள். மேலும் 4 நிமிடம் கழித்து ட்ரோஃபியேவை உதிர்த்துப் போட்டு, மரக்கரண்டியால் ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள்.

கையால் செய்த ட்ரோஃபியே வேக 5 முதல் 6 நிமிடம் ஆகலாம். மிதந்து மேலே வருவதை வெந்ததன் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அது முன்னதாகவே மிதக்கத் தொடங்கிவிடும். ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். மையத்தில் வெண்ணிறப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம் வேண்டும். முனைகள் மெல்லியவை, நடு தடித்தது என்பதால் ஒரே துண்டில் மென்மையும் அழுத்தமும் சேர்ந்தே இருக்கும். எல்லா இடமும் குழையும் வரை வேகவைத்தால் அந்த நயம் போய்விடும். பொட்டலத்தில் வாங்கிய உலர்ந்த ட்ரோஃபியேவுக்கு 12 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். அப்போது கிழங்கையும் பாஸ்தாவையும் ஒன்றாக இட்டு, 5 நிமிடம் கழித்துப் பீன்ஸைச் சேர்ப்பது பொருந்தும். ட்ரோஃபியே கிடைக்காதவர்கள் திருகு வடிவமுள்ள ஃபுசில்லியையோ காசரெச்சேயையோ இம்முறையிலேயே சமைக்கலாம்.

கலத்தல்

பாஸ்தா வேகும்போதே, அகலமான பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் பெஸ்டோவை எடுத்து, கொதிநீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேர்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். வடிக்கும் முன் இன்னொரு குவளை நீரையும் எடுத்து வையுங்கள். பிறகு பாஸ்தாவையும் காய்களையும் ஒருசேர வடித்து, நீர் முற்றிலும் சொட்டி உலரும் முன்பே கிண்ணத்தில் கொட்டிக் கிளறுங்கள்.

இந்தக் கலப்பு அடுப்புக்கு வெளியேதான் நடக்க வேண்டும். வாணலியில் இட்டுப் புரட்டினால் பேசிலின் பச்சை மங்கி வெந்த கீரையின் வாடை வரும். பாலாடைக்கட்டி திரண்டு இழைநூலாகிக் கரண்டியில் ஒட்டும். எண்ணெய் பிரிந்து தட்டின் அடியில் தேங்கும். பாஸ்தாவின் சூடே பெஸ்டோவை இளக்கப் போதுமானது. கலவை இறுகலாகத் தெரிந்தால், எடுத்து வைத்த நீரை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். கிளறும்போது சில கிழங்குத் துண்டுகள் ஓரம் உடைந்து கரைவது நல்லதே. திருகுப் பள்ளங்களுக்குள் பெஸ்டோ ஏறி நிற்க அது உதவும். மேலே துருவல் தூவ வேண்டிய தேவை இல்லை. எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். ஆறினால் இறுகிவிடும், உண்பவர்கள் உட்கார்ந்த பிறகு பாஸ்தாவைக் கொதிநீரில் இடுவது நல்லது.

மீந்ததைச் சேமித்தல்

உருட்டிய ட்ரோஃபியே மிஞ்சினால், தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைத்து, கல்லாக இறுகியபின் பையில் அடையுங்கள். உறைநிலை தளர விடாமல் நேரே கொதிநீரில் போட்டு, இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவைக்கலாம். பச்சைப் பூண்டு எண்ணெயில் கிடப்பதால் பெஸ்டோவை வெளியே வைக்கக் கூடாது. சிறிய புட்டியில் அழுத்தி நிரப்பி, மேலே விரற்கடை அளவு எண்ணெய் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். நீண்ட நாள் வைப்பதற்கென்றே செய்வதானால், பாலாடைக்கட்டி சேர்க்காமல் இடித்து உறையவைத்து, தேவைப்படும் அன்று உறைவு தளர்ந்தபின் புதிதாகத் துருவிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்த பாஸ்தா மீந்தால் மறுநாள் அப்படியே குளிர்ச்சி நீங்கியதும் உண்ணலாம். மீண்டும் சூடாக்கினால் பெஸ்டோ கருத்துவிடும்.